கடதாசிக்கு வைத்த டிங்சர்

பேசாலைத் தேவாலயத்தை ஒட்டிய பள்ளிக்கூட மண்டபத்தில், உச்சி வெயில் நேரத்தில், ஒரு நீண்ட மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். மேசையில் ஒரு பெரிய கடதாசிப் படம் கிடந்தது. கடதாசி என்றாலும் சுருட்ட முடியாது. பலகைபோல விறைத்த, கனமான படம். முகாமுக்கு வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி தன் தோல் பையிலிருந்து கபில நிறக் குப்பி ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினார். டிங்சர் அயடினின் மணம் மண்டபத்திலிருந்த கருவாட்டு மணத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்தது.

கண்ணாடிக் குழாயில் ஒரு துளியை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, "எங்க வைக்கிறது, பிள்ளை?" என்று கேட்டார்.

 படத்தைச் செய்த மகேஸ்வரி அதன் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஒரு மூலையைத் தொட்டு, "இங்கன வையுங்க" என்றார்.

"மூலையில கள்ளம் இருக்காது. நடுவில வையுங்கோ" என்றார் எதிரே நின்ற பிலோமினா. அகதி முகாமில் பாதிப் பேர் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் விசாரணை அதிகாரி நான்.

ஒரு ஓவியத்துக்குள் கோதுமை மா இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்த நாள் அது.

பெட்டிசம்

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் நான் மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், நிவாரணப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த குடும்பங்களுக்குத் தலா ஒரு நிவாரண அட்டை. அந்த அட்டைக்கு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. லொறி வந்தால் கொடுப்போம். வராவிட்டால், லொறி வரவில்லை என்று சொல்வோம். எனக்கு இரண்டாவது வேலைதான் அதிகம்.

மிச்ச நேரத்தில் பெட்டிசம், அதாவது சனங்களின் முறைப்பாட்டு மனுக்களை, வாசிப்பேன். மீன்பிடிக்கத் தடை போட்டுக் கடல் பூட்டப்பட்டிருந்த காலம். தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மீன் இல்லாத இடத்தில் கிழிந்த வலை பொத்துவதற்கும் வேலை இல்லை. கை சும்மா இருக்கும்போது மனிதர்கள் எழுதத் தொடங்குகிறார்கள். அயல்வீட்டுக்காரருக்கு எதிராக, ஊர் விதானையாருக்கு எதிராக, எனக்கு எதிராகவும். எனக்கு எதிரானவற்றையும் நானே பதிந்து, நானே கோவையில் சேர்த்தேன். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

பிலோமினாவின் பெட்டிசம் அந்தக் குவியலில் வந்தது. பேசாலையிலேயே பிறந்து வளர்ந்த பெண். கரையோரத்திலிருந்த அவருடைய வீட்டில் இராணுவம் இருந்ததால், புருஷனோடும் மூன்று பிள்ளைகளோடும் முகாமில் இருந்தார். தன் வீட்டுக் கூரையைத் தினமும் பார்த்துக்கொண்டே அகதியாக இருந்தவர். பெரியமடுப் பக்கமிருந்து வந்து முகாமில் இருக்கும் மகேஸ்வரி என்பவர், பசித்த வயிற்றுக்கு அரசாங்கம் தந்த மாவைக் கூழாகக் காய்ச்சிக் கடதாசியில் பூசி விளையாடுகிறார், இதை நாலு பிள்ளைகள் பார்த்து அழுகிறார்கள் என்று எழுதியிருந்தார். எழுத்து அழகாக, வடிவாக இருந்தது.

எங்கள் சுற்றறிக்கை இந்த விஷயத்தில் தெளிவானது. நிவாரணப் பொருளைச் சாப்பாட்டுக்கல்லாமல் வேறு தேவைக்குப் பயன்படுத்துவதாக முறைப்பாடு வந்தால், முதலில் அட்டையை நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் விசாரணை. அதாவது தண்டனையைக் கொடுத்துவிட்டு, குற்றம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது. இதை எழுதிய பெருமகன் கொழும்பில், நல்ல மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதியிருக்க வேண்டும்.

அட்டையை நிறுத்தினோம். விசாரிக்க நான் சைக்கிளில் போனேன்.

கீரிக் கழுதைகள்

பேசாலைக்குப் போகுமுன் கழுதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மன்னார்த் தீவில் கழுதைகள் தெருவில் திரிவதை வெளியூர்க்காரர் படம் பிடிப்பார்கள். நாங்கள் அவற்றைக் கச்சேரியின் எதிரிகளாகவே அறிந்திருந்தோம்.

நான் குடியிருந்தது கீரி என்ற ஊரில். அங்கே சந்திச் சுவரில் நிவாரண அறிவித்தல்களை ஒட்டச் சொல்லுவேன். ஒட்டுகிறவர் கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டுவார். மத்தியானத்துக்குள் கழுதைகள் வந்து, சுவரை நக்கி, அறிவித்தலை ஓரத்திலிருந்து உரித்து, மென்று தின்றுவிடும். லொறி வரும் நாள், வராத நாள், புதிய கட்டுப்பாடுகள், பழைய கட்டுப்பாடுகளின் திருத்தங்கள், எல்லாமே கழுதைகளின் வயிற்றுக்குள் போயின. எங்கள் அறிவித்தல்களைக் கடைசி வரி வரை உட்கொண்ட வாசகர்கள் அவை மட்டும்தான்.

இதை முறைப்படி மேலிடத்துக்கு அறிவித்தேன். கழுதைகள் தொடாமலிருக்க, பசையில் கொஞ்சம் துருசு நஞ்சு கலக்கும்படி பதில் வந்தது. துருசு வாங்குவதற்கு அனுமதி வரவில்லை.

அடுக்கு

மகேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மலைநாட்டில் பிறந்தவர். கொழும்பில் சித்திரம் படிக்கப் போய், படிப்பு முடியுமுன் ஒரு கலவரம் வர, குடும்பத்தோடு வடக்கே வந்து பெரியமடுவில் குடியேறியவர். அங்கே பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. தொண்டர் ஆசிரியை என்றால் ஆசிரியருக்குள்ள வேலை எல்லாம் உண்டு, சம்பளம் மட்டும் கிடையாது. பிறகு சண்டை பெரியமடுவுக்கும் வந்தது. தகப்பன் முத்தையாவைக் கூட்டிக்கொண்டு பேசாலைக்கு வந்து சேர்ந்தார். அதுவரை செய்த படங்கள் எல்லாம் பெரியமடு வீட்டில் நின்றுவிட்டன. வீடும் பிறகு நிற்கவில்லை என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

நான் போனபோது அவர் கொட்டிலுக்கு வெளியே மணலில் குந்தியிருந்து ஒரு படத்தின் மேல் தாளில் கிளம்பிய ஓரத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். கிழவர் முத்தையா கட்டிலில் இருந்தபடி, "வாங்கய்யா, ஒக்காருங்க" என்றார். இருமல் அவரை அதற்கு மேல் பேச விடவில்லை.

விசாரணைக்கு வந்தவன் என்று சொன்னேன். "தெரியுங்க" என்றார் மகேஸ்வரி. கையை எடுக்கவில்லை. "இந்தத் தாள் காயுறதுக்குள்ள தடவி முடிக்கணும். கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தேன். வேறு என்ன செய்ய? அந்தக் காலத்தில் பொறுப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

அடியில் சீமெந்துப் பை. அதன் மேல் செய்தித்தாள், அப்பியாசக் கொப்பித் தாள், தேவாலயத் திருவிழாவில் கட்டி மழையில் சாயம் போன வர்ணத் தாள், தேயிலைப் பக்கற்றின் உள்ளே இருக்கும் வெள்ளித் தாள், கலண்டர். அகப்பட்டதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார். ஒரு தாள் காய்ந்த பிறகே அடுத்தது. உப்புக் காற்றில் பசை இலேசில் காயாது. தென்மேற்குச் சோளகக் காற்று மணலை அள்ளிக் கொண்டுவந்து ஈரப் பசையில் போடும். அந்த மணலை அவர் தட்டுவதில்லை, அதன் மேலேயே அடுத்த தாள் போகும். மழை விட்ட நாளிலிருந்து இந்த ஒரு படத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அடுக்கு வேண்டிய தடிப்புக்கு வந்த பிறகுதான் படம் தொடங்கும். பென்சில் இல்லை, தூரிகை இல்லை. ஈர விரலால் ஓரிடத்தைத் தேய்ப்பார். நகத்தால் நீளமாக ஒரு நார் உரிப்பார். உடைந்த சிப்பியின் விளிம்பால் சுரண்டுவார். மேல் தாள் போன இடத்தில் கீழ்த் தாள் தெரியும். ஓரிடத்தில் கபிலம், ஓரிடத்தில் வெள்ளி, ஓரிடத்தில் செத்துப்போன ரோசா நிறம். கோடுகள் அப்படித்தான் உண்டாயின. மரம் இல்லை, முகம் இல்லை, கடல்கூட இல்லை. நான் படித்தவன் என்ற நினைப்பில் தலையைச் சரித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"இது என்ன, ரீச்சர்?"

"இதுதாங்க."

"இல்லை, எதைப் பற்றினது?"

கட்டிலிலிருந்து முத்தையா சொன்னார்: "கேக்காதீங்கய்யா. நானும் ரொம்ப வருசமா கேட்டுப் பாத்துட்டேன்."

பசையைப் பற்றிக் கேட்டேன். புளியங்கொட்டை என்றார். முகாமில் கறிக்குப் புளி கரைத்துவிட்டு எறியும் கொட்டைகளைப் பொறுக்கி, வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சுவது. "மாப் பசைன்னா பூச்சி அரிக்கும்ங்க. கழுதை வேற தின்னுரும்."

இந்த வாக்குமூலத்தை என்னைவிட நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடிய அதிகாரி இலங்கையில் வேறு எவரும் இருந்திருக்க முடியாது. ஆனால் வாக்குமூலம் சான்று அல்ல. சட்டியைக் காட்டச் சொன்னேன். கடைசிப் பசை அப்போதுதான் தீர்ந்திருந்தது. சட்டியும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

திரும்பும்போது பிலோமினா ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டிலுக்குப் போவதைப் பார்த்தேன். இரண்டு ரொட்டியும் கொஞ்சம் சம்பலும்.

"யாருக்கு?"

"கிழவருக்கு. அட்டையை நிப்பாட்டிப்போட்டியள், அந்த மனுசன் என்னத்தைத் தின்னுறது?"

"பெட்டிசம் போட்டது நீங்கள்தானே?"

"ஓம், போட்டனான். அது வேற, இது வேற. நீங்கள் உங்கட விசாரணையைக் கெதியா முடியுங்கோ. என்ர மாவும் முடியுது."

நீலம்

டிங்சர் யோசனை அப்போதிக்கரியுடையது. மா உள்ள இடத்தில் அயடின் பட்டால் நீலமாகும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே என்றார். எனக்கும் படித்த ஞாபகம் இருந்தது. விஞ்ஞான முறையிலான சோதனை என்று அறிக்கையில் எழுதலாம் என்பது எனக்குப் பிடித்தும் இருந்தது.

மண்டபத்தில் கூடிய பிறகு வாசலில் நின்ற ஒருவர், "கழுதையைக் கொண்டுவந்து விடுவமே? தின்னுதோ பாப்பம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கழுதையின் சாட்சியத்தை ஏற்க இடமில்லை என்று நானும் சொன்னேன். உண்மையில் அங்கே சொல்லப்பட்ட ஒரே உருப்படியான யோசனை அதுதான்.

முதல் துளியை நடுவில் வைத்தார் அப்போதிக்கரி. கபிலத் துளி பரவியது. ஓரம் கறுத்தது. பிறகு முழுவதும் கருநீலமானது.

வாசலில் ஒரு முனகல் எழுந்தது. பிலோமினா கையைத் தட்டி, "பாத்தியளே! பாத்தியளே!" என்றார். முத்தையா ஒரு கதிரையில் இருந்து படத்தைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகேஸ்வரி அந்தப் புள்ளியையே பார்த்தபடி நின்றார்.

"நான் மா போடலீங்க" என்றார். குரல் உயரவில்லை. யாரையும் நம்பவைக்கும் முயற்சியும் அதில் இல்லை. வீடு போனதையும் அவர் இதே குரலில்தான் சொல்லியிருந்தார்.

அட்டை போனால் கிழவரின் கஞ்சி போகும். பிலோமினாவின் ரொட்டி எத்தனை நாளைக்கு வரும்? நான் பேனையைத் திறந்தேன். அப்போதிக்கரி குழாயை உதறிவிட்டுக் குப்பிக்குள் வைக்கப் போனார். உதறிய துளி ஒன்று, என் முன்னால் கிடந்த பெட்டிசத்தின் மேல் விழுந்தது.

அதுவும் கருநீலமானது.

முதலில் கண்டது பிலோமினாதான். "ஐயோ, என்ர கடுதாசியும் நீலமாகுது! நான் மா பூசேல்லை, ஐயா! மாதா சத்தியமா நான் பூசேல்லை!"

அப்போதிக்கரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மெல்லமாக என் அறிக்கைத் தாளில் ஒரு துளி வைத்தார். நீலம். சுவரில் இருந்த பழைய நேரசூசியில் ஒரு துளி. நீலம். கச்சேரியின் கடித உறையிலும் அப்படியே. கடதாசி செய்யும்போதே அதில் மாப் பசை சேர்ப்பார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் சொல்லித்தரப்படாத பாடம்.

"அப்ப கவுண்மேந்துக் கடுதாசியும் மா தின்னுதோ?" என்றார் கழுதை யோசனை சொன்னவர். மண்டபம் சிரித்தது. நிறைய நாட்களாக அந்த முகாமில் அப்படிச் சிரிப்புக் கேட்டதில்லை.

பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. அவர் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர மனுசனுக்குத் திருக்கை முள்ளுக் குத்தினபோது உங்களிட்டத்தான் வந்தனாங்கள்" என்றார் அப்போதிக்கரியிடம். "டிங்சர் இல்லை, உப்புத் தண்ணியில கழுவு எண்டு அனுப்பினியள். கால் பழுத்துப் பாதிப் பாதம் போயிட்டுது. இண்டைக்குக் கடுதாசிக்கு டிங்சர் வைக்கிறியள்."

அப்போதிக்கரி நல்ல மனிதர். இந்த மாதம் குப்பி இருந்தது, அந்த மாதம் இருக்கவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த காரணம். குப்பியின் மூடியை இறுக்கிப் பையில் வைத்தார்.

முழுமையாக, சேதமின்றி

"என்ர பெட்டிசத்தைத் திருப்பித் தாங்கோ" என்றார் பிலோமினா. "நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

பதிந்த பெட்டிசத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. விசாரணை முடிய வேண்டும். முறைப்பாடு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. எழுதிக் கையெழுத்திட்டால் அன்றே அட்டையைத் திறக்கலாம். ஆனால் சோதனை செய்தோம் என்று எழுதினால், சோதனைக்கு உட்பட்ட பொருளை முழுமையாக, சேதமின்றி அறிக்கையுடன் இணைக்க வேண்டும். பொருள் இல்லாத அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பி வழிகாட்டல் கேட்க வேண்டும். கொழும்புப் பாதை பூட்டியிருந்தது. அந்த வழிகாட்டல் வர எத்தனை மாதம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். முத்தையாவின் இருமலைக் கேட்ட எவருக்கும், அத்தனை மாதம் அவரிடம் இல்லை என்பதும் தெரியும்.

இதை விளக்கினேன். சோதனை செய்யவேயில்லை என்று எழுதவும் வழியில்லை, வாசலில் பாதி முகாம் பார்த்துக்கொண்டு நின்றது.

"படத்தக் குடுத்தா அட்டை இன்னைக்கே கெடைக்கும். அப்படித்தானுங்களே?" என்றார் மகேஸ்வரி.

"ஓம்."

"படம் திரும்பி வருங்களா?"

கச்சேரிக் களஞ்சிய அறையில் என்னென்ன இருந்தன என்று நினைத்துப் பார்த்தேன். கறையான் அரித்த கூடாரங்கள், ஒரு கட்டைச் சக்கர வண்டி, வழக்கு முடிந்தும் போகாத சாமான்கள்.  என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது.

அப்போதிக்கரி கத்தரிக்கோலை எடுத்தார். "டிங்சர் பட்ட இடத்தை மட்டும் வெட்டிக் குடுப்பமே?"

"வேணாங்க" என்றார் அவர் அவசரமாக. அன்று அவர் அவசரப்பட்டது அப்போது மட்டும்தான். "வெட்டினா அடி வரைக்கும் ஓட்டையாயிடும். எல்லாத் தாளும் போயிடும்." கொஞ்சம் யோசித்து என்னைப் பார்த்தார். "மேல இருக்கிற தாள் மட்டும் முழுசா குடுத்தாப் போதுங்களா?"

டிங்சர் மேல் தாளில்தான் பட்டிருந்தது. மேல் தாள் ஒரு முழுத் தாள். பொருள் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்லவில்லை. நான் அதை மனப்பாடமாக அறிவேன். போதும் என்றேன்.

ஈரத் துணி கேட்டார். பிலோமினா ஓடிப்போய்த் தன் துவாயை நனைத்துக் கொண்டுவந்தார். இருவருமாக அதைப் படத்தின் மேல் விரித்தார்கள். புளியங்கொட்டைப் பசை இளக நேரம் எடுத்தது. வாசலில் நின்றவர்கள் ஒருவர் ஒருவராகக் குந்தினார்கள். தூரத்தில், பெருநிலப் பக்கமாக, வழக்கமான வெடிச் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அவர் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, இரு கையாலும் பிடித்து இழுத்தார். அந்தத் தாளில்தான் நான் பார்த்த கோடுகள், தேய்ப்புகள், சிப்பி விளிம்பின் சுரண்டல்கள் எல்லாம் இருந்தன. தோல் உரிகிற சத்தத்தோடு அது மெல்ல எழுந்து வந்தது. ஓரிடத்தில் கிழியப் பார்த்தபோது நின்று, வாயில் விரலை நனைத்து, அந்த இடத்தைத் தடவிவிட்டு, மறுபடி இழுத்தார். கொடுத்துவிடப்போகும் தாளுக்கு ஏன் அத்தனை கவனம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நானே சொன்னதுதானே, சேதமின்றி என்று.

சொட்டும் ஈரத்தோடு அதை என்னிடம் நீட்டினார். வெளிச்சம் அதன் ஊடாக வந்தது. நான் வாங்கிக் கதிரை முதுகில் காயப் போட்டேன். அறிக்கையில், பொருள் என்ற இடத்தில், கடதாசி ஒன்று என்று எழுதினேன். கையெழுத்து வைத்தேன். அட்டையை எடுத்து முத்தையாவின் கையில் கொடுத்தேன்.

மேசையில் கிடந்தது இப்போது வேறு படம். யாரும் பார்த்திராத தாள்கள். மங்கிய மஞ்சள், சாம்பல், இடையிடையே மணல் பதிந்த புள்ளிகள், மேல் தாளைத் தேய்த்தபோது கீழே இறங்கிய சில வடுக்கள். மற்றபடி வெறுமை. மகேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி தொடங்குவதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்தாரோ என்னவோ.

பிலோமினா ஈரத் துவாயைப் பிழிந்தபடி அவர் பக்கத்தில் வந்து நின்றார். கதிரையில் காய்ந்துகொண்டிருந்த தாளைப் பார்த்தார். மேசையில் கிடந்ததைப் பார்த்தார். திரும்பவும் கதிரையைப் பார்த்தார்.

"மேல இருந்ததுதான் வடிவு, பிள்ளை" என்றார்.

மகேஸ்வரி சிரித்தார். சிரித்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா."